ஒன்றும் இல்லை என்றால் சோலா பூரி

என் மகளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் லிஃப்டில் இறங்கும்போது யாராவது "எங்கே?" என்பார்கள், நான் "கண் டாக்டர்" என்பேன். மூன்றாவது மாடிப் பெண் ஒருநாள் என் மகளின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இத்தனை தடவை போயும் இன்னும் கண்ணாடி போடலையா? அந்த டாக்டர் சரியில்லைங்க, வேற ஆளப் பாருங்க" என்று அக்கறையாகச் சொன்னாள். வேறு வேறு ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மகளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கண் நன்றாகவே தெரியும். பள்ளிக்குக் கிளம்பி, ஷூ போட்டு, பையை மாட்டியபின் மறுபடியும் சமையலறைக்குள் போய்க் குனிந்து கேஸ் ரெகுலேட்டரைப் பார்ப்பாள். வாசல்வரை வருவாள், திரும்பப் போவாள். கீழே வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். என் புடவையைப் பிடித்து இழுத்துக் காதோரம் கேட்பாள்: "ஆஃப் பண்ணிட்டியாம்மா?" பண்ணிட்டேன் என்பேன். "நெஜமா?" நெஜமா. "சாமி மேல சத்தியமா?" சத்தியமும் செய்வேன். வேனில் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியே அதே கேள்வி உதட்டசைவில் வரும். நான் கீழிருந்து தலையாட்டுவேன்.

முதலில் இதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று. பிறகு வீட்டுப்பாட நோட்டில் ஓட்டை விழ ஆரம்பித்தது. ஒரு எழுத்தை எழுதுவாள், ரப்பரால் அழிப்பாள், எழுதுவாள், அழிப்பாள். தாள் கிழிந்ததும் பக்கத்தை மாற்றி முதல் வரியிலிருந்து தொடங்குவாள். படுத்தபின் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். என் பிள்ளைக்குள் ஏதோ ஒன்று அவளைப் பிடித்து ஆட்டுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னவென்றுதான் தெரியவில்லை.

கணவருக்கு அந்த அளவுகூடத் தெரியவில்லை. நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் ஐ.டி. கம்பெனிக்கு அவருடைய பஸ் அவள் எழுந்திருக்கும் முன்பே வந்துவிடும். திரும்பி வரும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது சமையலறைப் பக்கம்கூடப் போக மாட்டாள். அந்தக் கேள்வியை அவரிடம் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "நீதான் சும்மா அவளையே பாத்துகிட்டு இருக்க. விட்டா சரியாயிரும்" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவர் கண்ணில் படாத ஒன்றை நான் எப்படிக் காட்டுவேன்?

வகுப்பு மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். பரீட்சைத் தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. தெரியாமல் இல்லை, அழித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது. "ஒரு எவாலுவேஷன் பண்ணிட்டு வாங்க மேடம். அடுத்த வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் இருந்தா நல்லது" என்றார். யாரிடம் போக வேண்டும் என்று கேட்டேன். "அதுக்குன்னு ஸ்பெஷலிஸ்ட் இருப்பாங்க மேடம்" என்றார். எங்கே இருப்பார்கள் என்றதும் அவரும் என்னைப் போலவே விழித்தார். பாவம், அவரை என்ன சொல்ல.

தெரிந்த இடத்திலிருந்துதானே தொடங்க முடியும்? அம்பத்தூரில் அவளுக்குப் பிறந்ததிலிருந்து ஊசி போட்ட குழந்தை டாக்டரிடம் போனோம். இருமுகிற குழந்தைகளுக்கு நடுவே வெகுநேரம் காத்திருந்தோம். அவர் அவள் கன்னத்தைத் தட்டி, "நல்லா தூங்குறியா? சாப்பிடுறியா? ஸ்கூல் பிடிக்குமா?" என்று கேட்டார். "தூங்குறேன் அங்கிள். சாப்பிடுறேன் அங்கிள். பிடிக்கும் அங்கிள்" என்றாள் அவள், முதுகை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து. "ஒண்ணும் இல்லம்மா. நீங்க டென்ஷன் ஆகாம இருங்க" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கணவரின் முகம் மலர்ந்தது. மிஸ் கூப்பிட்டு அனுப்பிய நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பாத்தியா, ஒண்ணும் இல்லையாம்" என்று மகளைத் தூக்கிக்கொண்டார். போகிற வழியில் வண்டியை ஒரு ஹோட்டல் முன்னால் நிறுத்தி அவளுக்குச் சோலா பூரி வாங்கிக் கொடுத்தார். அவள் முகத்தை விடப் பெரிதாக உப்பிய பூரி. அவர் அதை விரலால் குத்தி ஆவி வரவைத்துக் காட்ட, அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று இரவு தாழ்ப்பாளை அவள் வழக்கத்தை விட அதிகமாகவே தொட்டுப் பார்த்தாள்.

அடுத்தவர் கணவரின் டீம் லீட் சொன்ன ஆள். வேலப்பன்சாவடியில், கல்லூரிப் பையன்கள் நிரம்பி வழிகிற ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அலுவலகம். கவுன்சிலர் என்று போர்டு இருந்தது. அவர் அவளுடைய பத்து விரல் ரேகையையும் ஒரு மெஷினில் பதிவுசெய்து, மூளையின் எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று வண்ண வண்ணப் படங்களாகக் காட்டினார். டிசைனிங் துறையில் பெரிய ஆளாக வருவாள் என்றார். இவள் கேஸைப் போய்ப் போய்ப் பார்க்கிறாளே என்றேன். "அது லீடர்ஷிப் குவாலிட்டி மேடம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். கணவருக்கே அந்த ஆள்மீது நம்பிக்கை இல்லை, ஆனாலும் மோசமாக ஒன்றும் சொல்லவில்லை அல்லவா? அன்றும் சோலா பூரி.

பிறகு காது டாக்டர், கூப்பிட்டால் சில சமயம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நான் சொன்னதால். காது சுத்தமாகக் கேட்கிறது என்றார்கள். பிறகு நரம்பு டாக்டர். தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதுப் பெண் புதுத் தாளை எடுத்து, பிரசவம் நார்மலா சிசேரியனா என்பதிலிருந்து தொடங்குவாள். எப்போது குப்புற விழுந்தாள், எப்போது நடந்தாள், குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது உண்டா. சொல்லிச் சொல்லி என் வாய்க்கே அலுத்துவிட்டது. பாதியில், இது என் பிள்ளையைப் பற்றித்தானா, யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பற்றியா என்று சந்தேகம் வரும்.

நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமையும் வேலை நாள்தான். அரை நாள் லீவு கேட்டுவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு டாக்டரிடம் போவேன், அங்கிருந்து நேராக வேலைக்கு வருவேன். நான் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறேன் என்று மேனேஜர் முடிவுகட்டிவிட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதா?" என்று ஒருமாதிரியாகக் கேட்பார். இன்னும் முடியவில்லை சார் என்பேன். அது பொய்யில்லை.

அவர் நினைத்ததும் ஒரு வகையில் தப்பில்லை. எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது இன்டர்வியூதான். மூன்று வயதில் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அவளைத் தயார்செய்தது என் கணவர். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். சிவப்பு எது, நீலம் எது, அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டு விலாசம் என்ன, மிஸ் உள்ளே கூப்பிட்டால் குட்மார்னிங் சொல், அழாதே. பிள்ளையை யாராவது கேள்வி கேட்கப்போகிறார்கள் என்றால் நாங்கள் அதைச் சும்மா அனுப்ப மாட்டோம். அது எங்களுக்கு வெட்கம், பிள்ளைக்கும் பாவம். எனவே அண்ணா நகரில் ஒரு சைக்காலஜிஸ்ட் அவளைப் பரிசோதிக்கப்போகிறார் என்றதும், பாடி மேம்பாலத்து நெரிசலில் வண்டி நின்றபோது கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆரம்பித்தார்.

"தூக்கம் வருதான்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?"

"நல்லா வருது."

"பயமா இருக்கான்னு கேட்டா?"

"இல்ல."

"சத்தமா சொல்லு. கண்ணப் பாத்து சொல்லணும்."

"இல்ல மேடம்."

"வெரிகுட். கைய பிசையக் கூடாது. வேற என்ன?"

"அழக்கூடாது."

பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் விபரீதமாக ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை போகிற இடத்தில் மரியாதையாக நடந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த சைக்காலஜிஸ்ட் கட்டைகளை அடுக்கச் சொன்னார், படங்களுக்குக் கதை சொல்லச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் செய்தாள். மிகவும் புத்திசாலி, சமூகப் பழக்கம் நன்றாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. அம்மாவுக்குத்தான் பதற்றம் அதிகம் போலத் தெரிகிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குச் சோலா பூரி மேஜையில் நான் ஒரு காப்பியை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையிலேயே எனக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறதோ என்று பயமாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலையில் நோட்டில் மறுபடியும் ஓட்டை. அந்த வாரம் நானே விசாரித்துப் பாடியில் ஒரு மனநல மருத்துவரைக் கண்டுபிடித்தேன். போர்டில் மனநலம் என்பதற்குக் கீழே குடி, போதை மறுவாழ்வு என்றும் எழுதியிருந்தது. உள்ளே பெஞ்சில் கைகால் நடுங்குகிற ஆண்களும் அவர்களைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பூக்கார அம்மா மாதிரி இருந்த ஒருத்தி எங்களுக்கு இடம்விட்டு நகர்ந்து, என் கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தினி நாளா குடிக்கிறாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஐயோ, அவருக்கு இல்லீங்க. பொண்ணுக்கு."

"பொண்ணுக்கா? இம்மாத்துண்டு கொயந்தைக்கா?" அவள் என் மகளின் தலையைத் தடவினாள். "அதுக்கு இன்னாமா கீது? நல்லாத்தான் கீது. பார்த்தா ராசாத்தியாட்டம் குந்திகினு கீது."

கணவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள், கேட்டாயா என்பது இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அந்த டாக்டர் வயதானவர், களைத்துப்போனவர். மகளிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார், வழக்கமான பதில்கள் வந்தன. பிறகு பேனாவை மூடி வைத்தார். "பார்க்க ஒண்ணும் தெரியலம்மா. ஆனா நான் பார்க்கிறது பெரியவங்கள. சின்னப் பிள்ளைங்க மனசப் பார்க்கிறதுக்குன்னே தனியா படிச்சவங்க இருக்காங்க. பூந்தமல்லிப் பக்கம் ஒரு லேடி டாக்டர் சனிக்கிழமை மட்டும் வர்றாங்க. அங்க காட்டிருங்க" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அவர் காலில் விழலாம் போல இருந்தது. குழந்தை டாக்டர், நரம்பு டாக்டர், மனசு டாக்டர் என்று தனித்தனியாகப் போனோமே தவிர, குழந்தையின் மனசுக்கென்று ஒரு படிப்பு இருக்கும் என்பது எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை.

பூந்தமல்லி டாக்டரிடம் நாள் கிடைக்கவே வாரங்கள் ஆயின. கணவருக்கு இது கடைசி என்று சொல்லிவைத்திருந்தேன். "இவங்களும் ஒண்ணும் இல்லன்னா நீ விட்டுரணும்" என்றார். சரி என்றேன். எனக்கும் முடியவில்லை. இந்த டாக்டரும் அதையே சொன்னால் என் பிள்ளை அந்த ரெகுலேட்டரோடு தனியாகிவிடுவாள் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. வண்டியில் வழக்கம்போல ஒத்திகை நடந்தது. அவள் அவர் கேட்கும் முன்பே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த டாக்டரம்மா முதலில் எங்கள் இருவரிடமும் பேசினார், மகளை வெளியே விளையாடவிட்டு. பிரசவம் பற்றிக் கேட்கவில்லை. "ஒரு காலை நேரம் உங்க வீட்டுல எப்படிப் போகும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "நான் பார்த்ததே இல்ல டாக்டர்" என்றார் கணவர். டாக்டர் தலையாட்டிவிட்டு மகளை உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். நாங்கள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தோம்.

"நல்லா தூக்கம்..." என்று அவர் தொடங்கினார்.

"நல்லா வருது மேடம்."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்து நான் என்ன கேப்பேன்?"

"பயமா இருக்கான்னு கேப்பீங்க."

"அதுக்கு?"

"இல்ல மேடம்னு சொல்லணும். சத்தமா."

கணவர் நாற்காலியில் நெளிந்தார். டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லாம் சரியாச் சொல்ற. சரியான பதில் எனக்கு நெறைய பேர் சொல்லிட்டாங்க, போரடிக்குது. நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? நான் என்ன கேட்டாலும் நீ தப்பான பதில் மட்டும்தான் சொல்லணும். சரியான பதில் சொன்னா நீ அவுட்."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையசைத்தார்.

"நல்லா தூக்கம் வருதா?"

"வராது."

"ஏன்?"

"கதவு பூட்டலன்னு தோணும்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"கேஸைப் போய்ப் பார்க்கலேன்னா என்ன ஆகும்?"

"வெடிச்சிரும்." அவள் தன் கைகளைப் பார்த்தாள், பிசையாமல் பிடித்துக்கொண்டாள். "நான் ஸ்கூல்ல இருக்கும்போது வெடிச்சிரும். அம்மா செத்துருவாங்க. நான் சரியா பாக்காததுனால."

"அம்மா ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்றாங்களே?"

"அம்மா மறந்திருப்பாங்க."

டாக்டர் குரலை மாற்றாமல் கேட்டார்: "இதெல்லாம் ஏன் மத்த டாக்டர்ங்ககிட்ட சொல்லல?"

அது விளையாட்டுக் கேள்வியா இல்லையா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லன்னாதான் அப்பா சிரிப்பாரு. சோலா பூரி வாங்கித் தருவாரு" என்றாள்.

கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபின், மகளை மறுபடியும் விளையாட அனுப்பிவிட்டு டாக்டர் எங்களிடம் விளக்கினார். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இந்த வயதிலேயே வரும், வெளி ஆட்கள் முன்னால் பிள்ளைகள் அதைச் சாமர்த்தியமாக மறைத்துவிடுவார்கள். "ஒண்ணும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சரிபண்ணிரலாம்" என்றார். ஒவ்வொரு வாரமும் வர வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதக் கூசுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. இத்தனை மாதமும் நான் பார்த்தது நிஜமாகவே இருந்தது.

கிளம்பும்போது எங்கள் இருவரையும் நிறுத்தி ஒன்று சொன்னார். "ஆஃப் பண்ணிட்டேன், சத்தியம்னு சொல்லச் சொல்ல இது வளரும். மெதுவா அத நிறுத்தணும். கேட்டா, தெரியல, பரவால்லன்னு சொல்லிட்டு கூடவே இருங்க. அவளுக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கும். உங்களுக்கு அதைவிடக் கஷ்டமா இருக்கும்."

வண்டியில் திரும்பினோம். ஹோட்டல் வரும் திருப்பத்தில் பின்னாலிருந்து அவள், "இன்னைக்குக் கிடையாதுல்லப்பா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்ததை உறுதிசெய்துகொள்வது போலக் கேட்டாள். அவர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

பூரி வந்தது. அவர் அதைக் குத்தி ஆவி காட்டவில்லை, கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க முயற்சி செய்தார், வரவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹோட்டல் சமையலறைப் பக்கம் பார்த்தாள், அங்கே பெரிய அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் திரும்பினாள். என் காதைத் தேடுவாள் என்று நான் குனியத் தொடங்கினேன்.

"அப்பா," என்றாள், பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி. "வீட்டுல கேஸ் ஆஃப் பண்ணியிருக்கா?"

முதல் தடவையாக அவரிடம் கேட்டாள். காலையில் அதை அணைத்தது அவர்தான், எனக்குத் தெரியும். பண்ணிட்டேன் என்ற சொல் அவர் வாயில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியலம்மா," என்றார். "நான் இங்கதான் இருக்கேன். நீ சாப்பிடு."

அவள் நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூரி அமுங்கிப்போயிருந்தது. பிறகு அதில் ஒரு துண்டைப் பிய்த்து, முதலில் அவர் தட்டில் வைத்தாள்.